இரத்தம் சொல்லாத செய்தி

"உங்கள் உம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்டதா?"

நீரிழிவுக்கு மருந்து நாடி வந்தவரிடம் ஒரு மருத்துவர் இவ்வாறு கேட்டால் எவருக்கும் வியப்பாகவே இருக்கும். 2022ஆம் ஆண்டு ஒரு பிற்பகலில், சென்னையில், என் ராத்தாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த எனக்கும் அப்படித்தான் இருந்தது. கேள்வி ராத்தாவிடம் கேட்கப்பட்டது. அவர்கள் காதில் அது விழவில்லை. நான்தான் அவர்களுடைய வலச்செவியருகே குனிந்து, குரலை உயர்த்தி, மீண்டும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கேள்வியின் உட்பொருள் எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

உம்மா மௌத்தாகி அப்போது பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. நாற்பது வயதுக்குள்ளாகவே அவர்களுக்குச் செவி மந்தமாகத் தொடங்கிற்று. நீரிழிவும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்தது. உம்மாவின் தங்கையான எங்கள் சாச்சிக்கும் அவ்விரண்டும் வந்தன. உம்மம்மாவுக்கு நீரிழிவு இருந்ததா என்பதைச் சொல்வாரில்லை. அந்த நாளில் சோதித்துப் பார்த்தவர் யார்? ஆனால் அவர்களுக்குச் செவி கேளாதது ஊரறிந்த செய்தி. "செவிட்டும்மா வீடு" என்றே எங்கள் வீட்டுக்கு ஊரில் பெயர். அந்தப் பெயரை நாங்கள் இழிவாக எண்ணியதில்லை. பனைமர வீடு, கிணற்றடி வீடு என்பது போல அதுவும் ஒரு வீட்டுப் பெயர், அவ்வளவே.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள வழக்கம்போலவே எங்களூரிலும் வீடு மகளுக்குரியது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அவ்வழியே அந்த வீடு உம்மம்மாவிடமிருந்து உம்மாவுக்கும், உம்மாவிடமிருந்து ராத்தாவுக்கும் வந்தது. ராத்தாவிடமிருந்து அவர்களுடைய ஒரே மகளுக்குச் செல்ல இருந்தது. ஆண்பிள்ளையாகிய நான் திருமணமானவுடன் ஒரு தோல் பையுடன் வேறு தெருவுக்குக் குடிபோனவன். வீடு சென்ற அதே வழியில் அதனோடு வேறொன்றும் சென்றுகொண்டிருந்தது என்பதைத்தான் அந்த முதிய மருத்துவர் ஒரு கேள்வியால் கண்டுகொண்டார்.

அவர் மேசைமேலிருந்த தாளொன்றை எடுத்துப் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமும் இட்டு எங்கள் குடும்பத்தை வரைந்தார். உம்மம்மா, உம்மா, சாச்சி, ராத்தா ஆகியோரின் வட்டங்களைப் பேனாவால் கறுப்பாக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குக் காது எப்படி?" என்றார். "கூட்டமான இடத்தில் பேச்சு சரியாகப் பிடிபடுவதில்லை" என்றேன். என் சதுரத்திலும் பாதி கறுப்பு ஏறியது. "உடல் பருத்தவரல்லர், முப்பத்து நான்கு வயதில் நீரிழிவு, காது மந்தம், தாய்வழியில் பலருக்கு இதே நிலை. இவை ஒன்றுசேர்ந்து வந்தால் மைட்டோகாண்ட்ரியாவைச் சந்தேகிக்க வேண்டும்" என்றார்.

அன்று அவர் சுருக்கமாகச் சொன்னதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் இங்கே என் சொற்களில் தருகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மிக நுண்ணிய உறுப்புகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, நாம் உண்ணும் உணவையும் உயிர்க்கும் காற்றையும் கொண்டு உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்குகிறது. 1898இல் கார்ல் பெண்டா என்னும் ஜெர்மானிய அறிஞர், நூல்போலவும் மணிபோலவும் தோன்றிய அதற்குக் கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்து மைட்டோகாண்ட்ரியா என்று பெயரிட்டார். இலங்கைப் பாடநூல்களில் அதனை இழைமணி என்பர். அப்பெயர் கிரேக்கப் பெயரின் பொருளையும் காத்து, தமிழ்ச் செவிக்கும் இனிதாக இருக்கிறது.

மரபுச் செய்திகள் யாவும் உயிரணுவின் உட்கருவில் மட்டுமே எழுதப்பட்டுள்ளன என்றே நெடுங்காலம் அறிஞர் எண்ணியிருந்தனர். 1963இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் என்னும் இருவர், கோழிக்கருவின் இழைமணிக்குள்ளும் டி.என்.ஏ. இழைகள் இருப்பதை மின்னணு நுண்ணோக்கியால் கண்டனர். 1981இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிரெடரிக் சாங்கரின் குழுவினர் மனித இழைமணியின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டனர். அதில் 16,569 எழுத்துகள். அவற்றுக்குள் 37 மரபணுக்கள். உட்கருவில் உள்ள ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகளோடு ஒப்பிட்டால் அது ஒரு பெரிய நூலின் ஓரத்தில் எழுதப்பட்ட சிறு குறிப்பே. ஆயினும் அக்குறிப்பில் ஓரெழுத்துப் பிழைபட்டால் ஒரு குடும்பத்தின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செவிகேளாதோராகிவிடக்கூடும்.

பெண்கள் என்றேன். பிழை ஆணுக்கும் வரும். ஆனால் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவள் பெண்ணே. மனித இழைமணியின் டி.என்.ஏ. தாயிடமிருந்தே வருகிறது என்பதை 1980இல் அமெரிக்காவில் டக்ளஸ் வாலஸும் அவருடைய கூட்டாளிகளும் குடும்பங்களை ஆராய்ந்து மெய்ப்பித்தனர். தாயின் கருமுட்டையில் இழைமணி டி.என்.ஏ.வின் படிகள் இலட்சக்கணக்கில் உள்ளன. தந்தையின் உயிரணு கொண்டுவரும் மிகச்சிலவோ கருவில் அழிக்கப்பட்டுவிடுகின்றன. ஆகவே நான் என் உம்மாவின் இழைமணியைச் சுமந்து நடப்பவன். என் மகன்களோ தங்கள் உம்மாவுடையதைச் சுமப்பவர்கள். என்னிடம் வந்தது என்னோடு முடிந்துவிடும். இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பத்துப் பிழைக்கு ஓர் எண் உண்டு: 3243. அந்த இடத்தில் 'ஏ' என்ற எழுத்து இருக்க வேண்டும். எங்களிடம் 'ஜி' இருக்கிறது. 1990இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இளவயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதல்களுக்கு ஆளாகும் நோயாளிகளிடம் இந்தப் பிழையை முதலில் கண்டனர். 1992இல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தவர்கள், அதே பிழை நீரிழிவையும் செவிட்டுத்தன்மையையும் தாய்வழியாகக் கொண்டுசெல்வதை அறிந்தனர். 2007இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்று, பொதுமக்களிடையே ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒருவரிடம் சிறிய அளவிலாவது இப்பிழை இருப்பதாகக் கூறியது. அவர்களுள் பலருக்கு நோயே தெரிவதில்லை. ஆகவே இது உலகில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனையன்று.

காதும் கணையமும் எதற்காகத் தாக்கப்பட வேண்டும்? இடைவிடாது ஆற்றல் வேண்டுகின்ற உறுப்புகள்தாம் முதலில் தளரும். உட்செவி ஒலியை உணர்வதற்குரிய மின்னழுத்தத்தை ஓயாமல் காத்துக்கொண்டிருக்க வேண்டும். கணையத்தின் அணுக்கள் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை இழைமணி உண்டாக்கும் ஆற்றலைக் கொண்டே அறிந்து இன்சுலினை வெளியிடுகின்றன. தசை, மூளை, இதயம் ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

ஒரே பிழை ஒருவரை வாட்டுவதும் மற்றவரை விட்டுவிடுவதும் ஏன் என்று அந்த மருத்துவரிடம் கேட்டேன். அவர் தஞ்சைப் பக்கத்துக்காரர். நெல்லைக் காட்டியே விளக்கினார். "ஒரு மூட்டை நெல்லில் பதர் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் உயிரணுவுக்குள் இழைமணி டி.என்.ஏ.வின் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான படிகள் உண்டு. அவற்றுள் சில நல்ல நெல், சில பதர். பதர் குறைவாக இருந்தால் குடும்பம் நடந்துவிடும். ஓர் அளவைத் தாண்டினால்தான் உலை வற்றும். தாய் தன் பிள்ளைக்கு மூட்டையைக் கொடுப்பதில்லை. ஒரு பிடி அள்ளிக் கொடுக்கிறாள். ஒரு பிடியில் பதர் மிகும். இன்னொரு பிடியில் குறையும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளிடையே வேற்றுமை வருவது அதனால்தான்" என்றார்.

ராத்தாவின் இரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரங்கள் கழித்து முடிவு வந்தது: பிழை காணப்படவில்லை.

இனிமேல்தான் நான் சொல்லத் தயங்குகிற பகுதி வருகிறது.

அந்த நாட்களில் ராத்தா மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். வாப்பா இல்லாத பெண் அவள். தாய்மாமனாகிய நானே முன்னின்று பேசிவந்தேன். நல்ல குடும்பம், நல்ல பிள்ளை. ஆனால் மாப்பிள்ளையின் உம்மாவுக்கு எங்கள் வீட்டுப் பெயர் ஒரு நெருடலாக இருந்தது. "செவிட்டும்மா வீடு என்கிறார்களே; பெண்ணுக்கும் பின்னால் அப்படி வருமோ?" என்று அவர்கள் ஆளனுப்பிக் கேட்டிருந்தார்கள். கேட்டது குற்றமில்லை. மகனைப் பெற்றவர் கேட்கத்தான் செய்வார்.

முடிவை வாங்கிவந்த அன்று மாலையே நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "சோதித்துப் பார்த்தாயிற்று, இரத்தத்தில் ஒன்றுமில்லை" என்றேன். அவர்கள் முகம் மலர்ந்தது. தேநீரும் வட்டிலப்பமும் வந்தன. நாள் குறிப்பதைப் பற்றிப் பேச்சு எழுந்தது.

நான் சொன்ன வாக்கியத்தில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவுத் தாளோடு மருத்துவர் தம் கைப்பட எழுதிய ஒரு சிறு சீட்டும் இருந்தது. "இந்த வயதில் இரத்தத்தில் காணாமற்போவது இயல்பு. இதை முடிவாகக் கொள்ள வேண்டாம். சிறுநீரைச் சோதித்தாக வேண்டும்" என்று அதில் எழுதியிருந்தார். அதை நான் பேருந்திலேயே படித்துவிட்டேன். படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சட்டை மாறும்போதெல்லாம் சீட்டும் புதுச் சட்டைக்கு மாறிற்று. பதினோரு நாட்கள்.

கிழித்தெறிய மனம் வரவில்லை. எடுத்துக் கொடுக்கவும் மனம் வரவில்லை. மருத்துவர்கள் எப்போதும் இன்னொரு சோதனை எழுதுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெண்ணுக்கு வாழ்வு அமைகிற வேளையில் மூத்திரத்தைக் கொண்டுபோய்ச் சோதிப்பானேன் என்றும் சொல்லிக்கொண்டேன். பிறருடைய பண்டத்தைக் காத்துக் கொடுப்பதை அமானத் என்கிறோம். பிறருக்குரிய செய்தியும் அமானத்தே என்பது எனக்குத் தெரியாததன்று.

பதினோராம் நாள் அஸர் தொழுதுவிட்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். மருமகள் முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து பிள்ளைகளின் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"மாமா, ஒன்று எனக்குப் புரியவில்லை. சிவப்பணுவில் உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. அப்படியானால் உம்மாவின் இரத்தத்தில் எதைப் பார்த்தார்கள்?"

"வெள்ளணுக்களைப் பார்த்திருப்பார்கள், மகளே."

"வெள்ளணுக்கள் நாள்தோறும் புதிதாகப் பிறப்பவை ஆயிற்றே. காதும் கணையமும் அப்படி இல்லையே. புதிதாகப் பிறந்ததைக் கேட்டால் பழைய கதை அதற்குத் தெரியுமா? டாக்டர் வேறெதுவும் சொல்லவில்லையா மாமா?"

அவள் குறை கூறும் குரலில் கேட்கவில்லை. பாடத்தில் ஐயம் கேட்பது போலத்தான் கேட்டாள். நான் சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். வியர்வையில் அதன் மடிப்புகள் நைந்து போயிருந்தன. அவள் படித்தாள். தேதியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கே உம்மாவை அழைத்துப் போகலாம் மாமா" என்றாள். அவ்வளவுதான். இன்றுவரை அந்தப் பதினோரு நாட்களைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்டதில்லை.

அவளுடைய ஐயம் மிகச் சரியானது. இரத்தம் ஏன் மறைத்தது என்பதை ஆய்வாளர்கள் இப்போது ஓரளவு அறிந்திருக்கிறார்கள். தசையும் நரம்பும் ஒருமுறை உருவானபின் பெரும்பாலும் அப்படியே இருப்பவை. அங்கு கலந்த பதர் அங்கேயே கிடக்கும். இரத்தமோ எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல உயிரணுக்களிலிருந்து வாழ்நாள் முழுவதும் புதிது புதிதாகப் பிறக்கிறது. பதர் மிகுந்த மூல உயிரணு ஆற்றல் குன்றிப் பின்தங்குகிறது. நல்லது மிகுந்தது முன்னேறிப் பெருகுகிறது. எங்கள் வீட்டு முற்றத்தில் உம்மம்மா முறத்தில் நெல் புடைத்ததைக் கண்டவன் நான். ஒவ்வொரு முறை புடைக்கும்போதும் கொஞ்சம் பதர் காற்றில் போகும். இரத்தம் ஓயாமல் புடைக்கப்படுகிறது. காதும் கணையமும் புடைக்கப்படுவதில்லை.

இந்தப் புடைத்தலுக்கு ஒரு கணக்கும் உண்டு. 3243 பிழையின் அளவு இரத்தத்தில் ஆண்டுதோறும், முன்னிருந்ததில் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேலாகக் குறைந்துகொண்டே போகிறது. இருபது வயதில் நூற்றுக்கு 40 இருந்தவருக்கு அறுபது வயதில் ஏறக்குறைய 16 என்று ஆகிவிடும். பழைய சோதனை முறைகளில் நூற்றுக்கு 15, 20 என்னும் அளவுக்குக் கீழிருப்பது கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். ராத்தாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. நோய் முதிர முதிரச் சாட்சி குறைகிறது. காது நன்றாகக் கேட்கும் இருபது வயதில் இரத்தம் உண்மையைச் சொல்லும். காது போய்விட்ட அறுபதில் அது ஒன்றுமறியாததுபோல் இருந்துவிடும்.

2020இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இதைவிட நுட்பமான ஒன்றைக் கண்டனர். இப்பிழையுடைய மூன்று நோயாளிகளின் இரத்தத்தை எடுத்து, ஆயிரக்கணக்கான அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வோர் அணுவிலும் பிழையின் விழுக்காடு எவ்வளவென்று அளந்தனர். இரத்த அணுக்களிலெல்லாம் பதர் ஒரே அளவில் இல்லை. நோய்களோடு போரிடும் டி-அணுக்களில் அது தனியே குறைந்திருந்தது. டி-அணு சும்மா இருக்கும்வரை அதற்கு ஆற்றல் மிகுதியாகத் தேவையில்லை. பகைக்கிருமி வந்தால் ஒன்று பலவாகப் பெருகிப் போருக்கு எழ வேண்டும். அந்த நேரத்தில் இழைமணி நலிந்தது நின்றுவிடுகிறது. நலமுள்ளது பெருகுகிறது என்று கருதுகின்றனர். இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டது இதற்கு அரண் செய்கிறது: இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத டி-அணுக்களைவிட, முன்பே சந்தித்து அதை நினைவில் வைத்திருக்கும் டி-அணுக்களில் பிழை மேலும் குறைவு.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றின. ஒன்று, நம் உடம்பு தன்னைத் தானே செப்பம் செய்துகொள்ளும் வல்லமையை வல்லோன் எவ்வளவு நுட்பமாக வைத்திருக்கிறான் என்பது. மற்றொன்று, அந்த வல்லமையே சோதிப்போர் கண்ணை மறைத்துவிடுகிறது என்பது. உடம்பின் ஒரு பகுதி நலமடைந்துவிட்டதைக் கண்டு முழுவதும் நலமென்று நாம் ஏமாறுகிறோம்.

சிறுநீரில், அந்தப் பாதையின் உட்பூச்சிலிருந்து உதிரும் அணுக்கள் கலந்து வருகின்றன. அவை இரத்தம்போல அவ்வளவு வேகமாகப் புடைக்கப்படுவதில்லை. ஆகவே முதியோரிடம் இப்பிழையைத் தேடுவோர் சிறுநீரையே நம்புகின்றனர். முன்பெல்லாம் தசையைச் சிறிது அறுத்தெடுத்துப் பார்க்க வேண்டியிருந்ததாம். ராத்தாவுக்கு அந்தத் துன்பம் நேரவில்லை.

சிறுநீரில் பிழை இருந்தது. சிறிய அளவன்று. அதன் பிறகு நானும் கொடுத்தேன், என்னிடமும் இருந்தது. மருமகள் தானே முன்வந்து கொடுத்தாள். அவளிடமும் இருந்தது, ஆனால் ராத்தாவினுடையதைவிடக் குறைவு. அவளுக்கு இருபத்தாறு வயதுதான். அவளுடைய இரத்தமே தயங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே போய்ச் சொல்லுவதாகச் சொன்னேன். அவள் ஒப்பவில்லை. "நீங்கள் போனால் மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கும் மாமா. மன்னிப்புக் கேட்க நான் என்ன தவறு செய்தேன்?" என்றாள். தன் உம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு போய், மாப்பிள்ளையின் உம்மாவிடம் தானே பேசினாள். தனக்கு என்ன இருக்கிறது, அது எவ்வளவு, பின்னாளில் என்ன வரலாம், வராமலும் போகலாம், பிள்ளைகளுக்கு எப்படிச் செல்லும் என்பதையெல்லாம் வகுப்பில் பாடம் சொல்வதுபோல் ஒழுங்காகச் சொன்னாள். நான் முன்பு வந்து சொன்னதைப் பற்றி, "மாமா சொன்னது இரத்தச் சோதனையை மட்டும், முழுச் சோதனை இப்போதுதான் வந்தது" என்று முடித்துக்கொண்டாள். என்னைக் காப்பாற்ற அவள் அவ்வாறு சொன்னதைக் கேட்டு நான் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன்.

அந்த அம்மா எழுந்து வந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். இரண்டு மாதங்கள் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. பிறகு, இப்போதைக்கு வேண்டாமென்று மிகுந்த மரியாதையோடு செய்தி வந்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது.

அதே ஆண்டு என் மூத்த மகனுக்குத் திருமணம் நடந்தது. பெண்வீட்டார் குடும்பம், படிப்பு, தொழில் எல்லாம் கேட்டார்கள். செவிட்டும்மா வீட்டுப் பேரன்தானே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, என்னிடம் வந்தது என்னோடு முடிந்துவிடும். ஒரே உம்மாவின் வயிற்றில் பிறந்த இருவரில், தம்பியின் பிள்ளைகள் பந்தலுக்குக் கீழே மாலையோடு நிற்கிறார்கள். அக்காவின் பிள்ளை அதே பந்தலில் விருந்தினருக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். அன்று அவள் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். உண்மை தெரிந்ததால் ராத்தாவுக்கு நன்மை விளைந்தது. அவர்கள் பல ஆண்டுகளாக உண்டுவந்த மெட்பார்மின் மாத்திரையை மருத்துவர் நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றினார். இழைமணி நலிந்தவர்களுக்கு அம்மாத்திரையால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகுந்துவிடலாம் என்னும் அச்சம் உண்டு. இதயத்தையும் சோதித்தார்கள். இருசெவிக்கும் பொருத்தமான கருவி வைத்தார்கள். அதற்கு மேலும் குறைந்தால் உட்செவியில் பதிக்கும் கருவி இந்த நோயுடையோருக்கு நன்கு பயன்படுகிறது என்று ஆறுதல் கூறினார்கள். மருமகள் ஆண்டுக்கொருமுறை செவியையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்கிறாள். இதுவரை இரண்டும் நலமாகவே இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.

பிரிட்டன் 2015இல் ஒரு சட்டம் இயற்றி, தாயின் கருவிலுள்ள உட்கருவை எடுத்து, நல்ல இழைமணியுள்ள வேறொரு பெண்ணின் கருமுட்டையில் வைக்கும் சிகிச்சைக்கு இடமளித்தது. அவ்வழியில் ஏழு தாய்மாருக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக 2025 ஜூலையில் நியூகாசில் மருத்துவர்கள் அறிவித்தனர். மார்க்க அறிஞர்களும் சட்ட அறிஞர்களும் ஆராய வேண்டிய வினாக்கள் அதில் உண்டு. மருமகளிடம் அச்செய்தியைக் காட்டினேன். கவனமாகப் படித்தாள். "பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த நல்ல செய்தி மாமா" என்று சொல்லித் தாளை மடித்து நூலுக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் குடும்பத்தாருக்கு ஒரு சொல். உங்கள் வீட்டில் உம்மா வழியில் நீரிழிவும் காது மந்தமும் ஒருங்கே வந்திருந்தால், அதுவும் உடல் மெலிந்தோருக்கு இளவயதிலேயே வந்திருந்தால், அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் முதியவரின் இரத்தச் சோதனை ஒன்றுமில்லை என்று வந்தால் அத்தோடு நின்றுவிடாதீர்கள். சிறுநீரையும் பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள். பெண்ணால் வந்த குறை என்று எந்தப் பெண்ணையும் சுட்டாதீர்கள். அவள் தன் உம்மா கொடுத்ததைக் கொடுக்கிறாள். பிடி நெல்லில் பதர் எத்தனை என்று அவள் பார்த்து அள்ளியதில்லை. உயிரையும் அதே பிடியில்தானே கொடுத்தாள்?

ராத்தா அண்மையில் அந்த வீட்டை மகள் பெயருக்கு எழுதி வைத்தார்கள். சாட்சிக் கையெழுத்து இட்டவன் நான். வீட்டின் பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னார்கள். மருமகள் மறுத்துவிட்டாள். வாசற்கதவின் மேலே புதிதாகப் பதித்த சலவைக்கல்லில் அந்தப் பழைய பெயரே இருக்கிறது: செவிட்டும்மா வீடு.